சத்தம் எந்தப் பக்கம்? ரேலே பிரபுவை 30 ஆண்டுகள் விடாத கேள்வி

ஒரு புல்வெளியின் நடுவே கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் ஒருவர். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவர். சுற்றிலும் உதவியாளர்கள் ஆளுக்கொரு திசையில் நிற்கிறார்கள். யாராவது ஒருவர் ஒரு வார்த்தை பேசினால் போதும், எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்று சரியாகச் சொல்லிவிடுகிறார். கண்ணாமூச்சி ஆட்டம் மாதிரி இருக்கும் இந்தச் சோதனை நடந்தது 1870-களின் நடுவில், இங்கிலாந்தில். நடுவில் நின்றவர் ஜான் வில்லியம் ஸ்ட்ரட் என்கிற ரேலே பிரபு.

பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? பள்ளிப் பாடத்தில் வானம் ஏன் நீலம் என்ற கேள்விக்கு 'ரேலே சிதறல்' என்று ஒரு பதில் எழுதியிருப்போம். அதே ரேலேதான். வானத்தின் நீலத்துக்கு 1871-லேயே கணக்குப் போட்டு விளக்கம் சொன்னவர் அவர். ஆனால், ஒரு சத்தம் வலப்பக்கம் இருந்து வருகிறதா, இடப்பக்கம் இருந்து வருகிறதா என்பதை நம் தலை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்ற கேள்வி மட்டும் அவரை 30 ஆண்டுகள் அலைக்கழித்தது.

இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா என்று தோன்றலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றாது. ஷெட்டுக்குள்ளே ரோலிங் மில் இரைச்சல், வாசலில் கம்பி ஏற்றிய லாரி, எங்கேயோ ஒரு ஃபோர்க்லிஃப்ட் ரிவர்ஸ் எடுக்கும் பீப் பீப். அது இடமா வலமா, முன்னாலா பின்னாலா? கண் திரும்புவதற்கு முன்னாலேயே காது சொல்லியாக வேண்டும். தப்பான பக்கம் ஒதுங்கினால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நோஞ்சான் பிள்ளை

ரேலே பிறந்தது 1842 நவம்பர் 12. எசெக்ஸ் பகுதியில் ஏகப்பட்ட நிலபுலன் உள்ள பிரபு குடும்பம். பிள்ளையோ நோஞ்சான். ஈட்டன், ஹாரோ என்று பெரிய பள்ளிகளில் சேர்த்தும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. எதிலும் நிலைத்துப் படிக்க முடியாமல் தனி ஆசிரியரிடம் படித்தார். 1861-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அவர் யார் என்று வெளியே தெரிந்தது. 1865-ல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம்.

ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டு அவர் ஆழ்ந்து படித்த புத்தகங்களில் ஒன்று, ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1863-ல் இசை ஒலியைப் பற்றி எழுதியது. ரேலேயை ஒலியின் பக்கம் இழுத்துவிட்டது அந்தப் புத்தகம்தான். (திருச்சியில் பிறந்த சி.வி.ராமனும் தன்னை உருவாக்கிய மூன்று புத்தகங்களில் ஒன்றாக இதையேதான் பிற்பாடு குறிப்பிட்டார்.) ரேலேக்கு வழிகாட்டிய இந்தப் புத்தகமே பின்னால் அவருக்கு ஒரு தடையாகவும் ஆனது. அதற்குப் பிறகு வருவோம்.

1871-ல் எவலின் பால்ஃபோரைத் திருமணம் செய்தார். எவலினின் தம்பி ஆர்தர் பால்ஃபோர் பிற்காலத்தில் பிரிட்டன் பிரதமர் ஆனவர். மறு வருஷமே ரேலேயை வாதக் காய்ச்சல் படுக்கையில் தள்ளியது. உடம்பு தேறுவதற்காக எகிப்துக்குப் போய், நைல் நதியில் படகு வீட்டில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். வேறு யாராக இருந்தாலும் பிரமிடு பார்த்துவிட்டுத் தூங்கியிருப்பார்கள். ரேலே அந்தப் படகில் உட்கார்ந்து 'ஒலியின் கோட்பாடு' என்ற புத்தகத்தை எழுதத் தொடங்கினார். 1877-லும் 1878-லும் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த அந்தப் புத்தகத்தை ஒலியியல் படிப்பவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

1873-ல் அப்பா இறந்ததும் பிரபு பட்டமும் டெர்லிங் எஸ்டேட்டும் இவர் கைக்கு வந்தன. சில ஆண்டுகளில் நிலத்து நிர்வாகத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டிலேயே ஒரு ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். பணத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் அரக்கு, நூல், கண்ணாடிக் குழாய் என்று கைக்குக் கிடைத்ததை வைத்தே சாதனம் செய்வதில் அவருக்கு அலாதி விருப்பம். காசுள்ளவரின் கஞ்சத்தனம் என்று சிரிக்கலாம்தான். ஆனால் அந்தச் சாதனங்களில் கிடைத்த அளவுகள் மற்றவர்களின் விலையுயர்ந்த கருவிகளில் கிடைத்தவற்றைவிடத் துல்லியமாக இருந்தன.

இசைக்கவை வைத்த புதிர்

புல்வெளிக்குத் திரும்புவோம். மனிதக் குரல் என்றால் திசை சொல்வது சுலபம். அடுத்து ரேலே இசைக்கவையை எடுத்தார். பள்ளி ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே வைப்போமே, அதேதான். ஒரே சுருதி, வேறு கலப்பே இல்லாத ஒலி. தட்டும் சத்தத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது அல்லவா? அதனால் எதிரெதிர்ப் பக்கம் நிற்கும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கவையைத் தட்டுவார்கள். ஒருவர் மட்டும் அதை ஒத்ததிர்வுப் பெட்டியின் வாயருகே பிடிப்பார். அவருடைய கவை மட்டும்தான் கேட்கும்.

முடிவு விசித்திரமாக இருந்தது. இடமா வலமா என்று கேட்டால் பதில் ஒவ்வொரு முறையும் சரி. முன்னாலா பின்னாலா என்று கேட்டால், பூவா தலையா போட்ட கதைதான்.

ரிவர்ஸ் எடுக்கும் வண்டியின் பீப் சத்தமும் கிட்டத்தட்ட ஒரு இசைக்கவைதான், ஒற்றைச் சுருதி. அது முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று தொழிலாளர்கள் குழம்புவது அவர்களுடைய கவனக்குறைவு இல்லை. ஒற்றைச் சுருதியை வைத்துக்கொண்டு காதால் அதற்குமேல் சொல்ல முடியாது என்பது ரேலே காலத்திலேயே தெரிந்த சங்கதி. குரலில் பல சுருதிகள் கலந்திருக்கின்றன. காது மடலின் மடிப்புகள் முன்னால் வரும் ஒலியையும் பின்னால் வரும் ஒலியையும் வேறு வேறு விதமாக வடிகட்டி அனுப்புகின்றன. ஒற்றைச் சுருதியில் அப்படி வடிகட்ட ஒன்றும் இல்லை.

ஆனால் ரேலேயை உறுத்தியது முன்-பின் குழப்பம் இல்லை. இட-வலம் எப்படிச் சரியாகத் தெரிகிறது என்பதுதான். அதுவரை எல்லோரும் சொன்ன காரணம் தலையின் நிழல். வலப்பக்கம் வரும் ஒலியைத் தலை மறைக்கும், அதனால் இடது காதில் ஒலி குறையும், அதை வைத்துத் திசை தெரியும். கீச்சென்ற ஒலிக்கு இது சரிதான். தாழ்ந்த ஒலிக்கு? நொடிக்கு 128 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் இரண்டரை மீட்டருக்கும் மேல். நம் தலையோ ஒரு சாண் அகலம். கடல் அலைக்கு முன்னால் நட்ட மூங்கில் கழி மாதிரி, அலை சுற்றிக்கொண்டு போய்விடும், நிழலே விழாது. ரேலே கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு காதுக்கும் இடையே ஒலி அளவில் உள்ள வித்தியாசம் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஆனாலும் திசை தெரிகிறது!

அப்படியானால் பாக்கி இருப்பது ஒன்றுதான், நேரம். வலப்பக்க ஒலி வலது காதுக்கு ஒரு நொடியின் துளி முன்னாலும் இடது காதுக்குத் துளி பின்னாலும் போய்ச் சேரும். அந்த இடைவெளியை மூளை அளக்கிறதா?

இங்கேதான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் குறுக்கே நின்றார். அவருடைய கருத்துப்படி உட்காது ஒரு பியானோ மாதிரி. எந்தத் தந்தி அதிர்ந்தது என்ற தகவல் மட்டும்தான் நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. அதிர்வின் ஏற்ற இறக்கம் எந்த நொடியில் நடந்தது என்ற விவரம் காதோடு நின்றுவிடும். நரம்பில் செய்தி போகும் வேகத்தை 1850-லேயே தவளையில் அளந்து காட்டியவரும் அவர்தான். நொடிக்கு சுமார் 30 மீட்டர், அவ்வளவே. இவ்வளவு மந்தமான கம்பியில் அவ்வளவு நுணுக்கமான நேரக்கணக்கு எப்படிப் போகும்? 1870-களின் கடைசியில் சில்வானஸ் தாம்ப்சன் என்பவர் இரண்டு காதுக்கும் தனித்தனியே ஒலி அனுப்பிச் செய்த சோதனைகள், நேரக்கணக்கு போகிறது என்ற பக்கமே கைகாட்டின. ரேலே ஏற்கத் தயங்கினார். புதிரை அப்படியே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இடையில் ஒரு நோபல் பரிசு

வேறு வேலை என்றால் சும்மா இல்லை. 1879-ல் மேக்ஸ்வெல் இறந்ததும் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்று 1884 வரை நடத்தினார். மின் அளவுகளைத் துல்லியமாக நிர்ணயிக்கும் வேலையில் மனைவியின் அக்கா எலினார் சிட்ஜ்விக் அவருக்கு உறுதுணையாக நின்றார். பெண்கள் பட்டம் வாங்கவே கேம்பிரிட்ஜ் அனுமதிக்காத காலம் அது.

பிறகு டெர்லிங் திரும்பி வாயுக்களை எடை போட ஆரம்பித்தார். காற்றில் இருந்து பிரித்த நைட்ரஜன், ரசாயன முறையில் தயாரித்த நைட்ரஜனைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது. எவ்வளவு கனம்? 200-ல் ஒரு பங்கு. மற்றவர்கள் அளவீட்டுப் பிழை என்று தள்ளியிருப்பார்கள். ரேலே விடவில்லை. வில்லியம் ராம்சேயுடன் சேர்ந்து துருவியதில் ஆர்கான் என்ற புதுத் தனிமமே வெளிவந்தது. இன்று வெல்டிங் பட்டறைகளில் சிலிண்டர் சிலிண்டராகத் தீர்வது அதே ஆர்கான்தான். 1904-ல் அவருக்கு இயற்பியல் நோபல், ராம்சேக்கு வேதியியல் நோபல். பரிசுப் பணத்தை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்.

1896 முதல், கலங்கரை விளக்கங்களைப் பராமரிக்கும் டிரினிட்டி ஹவுஸ் அமைப்புக்கு அறிவியல் ஆலோசகராகவும் இருந்தார். அடர்ந்த பனிமூட்டத்தில் விளக்கொளி எடுபடாது. ஊதுகுழல்தான் கப்பலுக்கு வழிகாட்டி. அந்த ஊதல் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று மாலுமிக்குத் தெரியவில்லை என்றால் கப்பல் பாறையில் ஏறும். ஒலியின் திசை அவருக்குப் புல்வெளி விளையாட்டாக மட்டும் இருக்கவில்லை.

64 வயதில் மாற்றிக்கொண்ட முடிவு

ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த காலத்தில், 64 வயதில், ரேலே பழைய கேள்வியைத் திரும்ப எடுத்தார். இந்த முறை புல்வெளி இல்லை. நொடிக்கு 128 முறை அதிரும் இரண்டு இசைக்கவைகள். ஒன்றின் ஒலி குழாய் வழியே வலது காதுக்கு, மற்றதன் ஒலி இன்னொரு குழாய் வழியே இடது காதுக்கு. இரண்டும் மிகச் சரியாக ஒரே சுருதி இல்லை. ஒரு மயிரிழை வித்தியாசம் வைத்தார்.

விஷயமே அந்த மயிரிழையில்தான் இருக்கிறது. கால் எடுத்து வைக்கும் வேகத்தில் சின்ன வித்தியாசம் உள்ள இரண்டு பேர் சேர்ந்து நடந்தால், முதலில் ஒன்றாக அடி வைப்பார்கள், மெல்ல மெல்ல ஒருவர் முந்துவார், பிறகு பிந்துவார், மறுபடி ஒன்றுசேர்வார்கள். இரண்டு கவைகளின் அதிர்வும் அப்படித்தான். ஒலி அளவு இரண்டு காதிலும் மாறவில்லை. மாறுவது எது முந்துகிறது என்பது மட்டும்.

கேட்பவருக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஒலி இடப்பக்கத்தில் இருந்து வலப்பக்கத்துக்கும், வலப்பக்கத்தில் இருந்து இடப்பக்கத்துக்கும் நிதானமாக நகர்ந்துகொண்டே இருந்தது. வலது காதில் அதிர்வு முந்தும்போது வலப்பக்கம், இடது காதில் முந்தும்போது இடப்பக்கம். சுருதியை ஏற்ற ஏற்ற இந்த விளைவு மங்கி, ஒரு கட்டத்துக்கு மேல் காணாமல் போனது. ரொம்ப வேகமாக அதிரும் ஒலியில் எந்த அதிர்வு எந்த அதிர்வுக்கு முந்தியது என்று பிரிக்க முடியாதே.

1907 பிப்ரவரியில் 'பிலசாஃபிகல் மேகசின்' இதழில் கட்டுரை வெளிவந்தது. தாழ்ந்த ஒலிக்கு நேர வித்தியாசம், உயர்ந்த ஒலிக்குத் தலையின் நிழல், இரண்டையும் வைத்து நாம் இட-வலம் அறிகிறோம். 'இரட்டைக் கோட்பாடு' என்ற பெயரில் இன்றைக்கும் பாடப் புத்தகத்தில் இருப்பது இதுதான்.

அந்தக் கட்டுரையில் அவர் அதையும் தாண்டி ஒன்று சொன்னார். அதிர்வின் நேரக்கணக்கு காதின் வாசலோடு நின்றுவிடுகிறது என்று இனிமேல் நம்ப முடியாது; நரம்புக்குள் நடப்பதும் அந்தத் தாளத்தை அப்படியே காப்பாற்றி மூளை வரைக்கும் எடுத்துப் போகிறது என்று எழுதினார். குருவாக மதித்த ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு எதிரான முடிவு. தானே 30 வருஷம் தயங்கி நின்ற முடிவு. அதற்கான வழி என்ன, நரம்பு இதை எப்படிச் செய்கிறது என்று சொல்லும் கருவி அன்று உலகத்தில் யாரிடமும் இல்லை.

அதே இதழ், சென்னையில் இருந்து ஒரு பெயர்

இதே 'பிலசாஃபிகல் மேகசின்' இதழில் மூன்று மாதம் முன்பு, 1906 நவம்பரில், சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவரின் முதல் கட்டுரை வெளியாகியிருந்தது. வயது 18. பெயர் சி.வி.ராமன். ரேலேயின் 'ஒலியின் கோட்பாடு' அவருக்குப் பாடநூல் மாதிரி. கடிதப் போக்குவரத்தில் ரேலே இந்த இளைஞரைப் பேராசிரியர் என்று நினைத்து விளித்தார் என ஒரு கதை உண்டு. 1921-ல் லண்டன் போன ராமன் செயின்ட் பால் தேவாலயத்தின் கிசுகிசு மாடத்தில் ஏறி, ரேலேயின் விளக்கத்துக்குள் அடங்காத நுணுக்கங்கள் அங்கே இருப்பதைக் கண்டு எழுதினார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்ற ரேலேயின் கருத்தை அதே பயணத்தில் மறுத்ததும், அது ராமன் விளைவில் போய் முடிந்ததும் நமக்குத் தெரிந்த கதை.

ரேலே அதையெல்லாம் பார்க்கவில்லை. முதல் உலகப் போரில், எதிரி விமானம் எந்தப் பக்கம் வருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு பெரிய கொம்புகளை இரு காதிலும் மாட்டிக்கொண்டு சிப்பாய்கள் வானத்தைக் கேட்டார்கள். காதுகளுக்கு இடையிலான தூரத்தைச் செயற்கையாகக் கூட்டி, நேர வித்தியாசத்தைப் பெரிதாக்கும் உத்தி. ரேலே சொன்ன கணக்கு போர்க்களத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. போர் முடிந்த மறு ஆண்டு, 1919 ஜூன் 30 அன்று டெர்லிங் வீட்டில் அவர் காலமானார். கடைசி வரைக்கும் எழுதிக்கொண்டிருந்தவர். 400-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள்.

ஓட்டைப் பானை சொல்லும் பதில்

அவர் விட்டுப் போன கேள்வி எவ்வளவு கடினம் என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒரு நொடியை ஒரு லட்சம் துண்டாக நறுக்குங்கள். ஒரு பக்கக் காதில் இருந்து மறுபக்கக் காதுக்கு ஒலி சுற்றிப் போக ஆகும் அதிகபட்ச நேரம் சுமார் 65 முதல் 70 துண்டு. நல்ல காது உள்ளவர் உணரக்கூடிய மிகச் சிறிய வித்தியாசம்? ஒரே ஒரு துண்டு. ஆனால் நரம்பு செல் அனுப்பும் ஒரு மின்துடிப்பு நீடிப்பதோ 100 துண்டு! அடி ஸ்கேலை வைத்து முடியின் தடிமனை அளக்கிற மாதிரி.

முதல் விடை 1930-ல் கிடைத்தது. அமெரிக்காவில் வீவர், பிரே என்ற இருவர் பூனையின் செவி நரம்பில் மின்முனை வைத்து, ஒலியின் தாளம் நரம்பில் அப்படியே ஓடுவதைக் காட்டினார்கள். ஒவ்வொரு நரம்பிழையும் ஒவ்வொரு அதிர்வுக்கும் துடிக்க முடியாது. ஆனால் துடிக்கும்போதெல்லாம் அலையின் அதே இடத்தில் துடிக்கும். ரேலே சொன்னது சரி.

1948-ல் லாயிட் ஜெஃப்ரஸ் அடுத்த படியைச் சொன்னார். இரண்டு காதில் இருந்தும் வரும் துடிப்புகள் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால் மட்டும் பதில் கொடுக்கும் செல்கள் மூளையில் இருக்க வேண்டும் என்றார். ஆந்தைகளில் இப்படி ஒரு அமைப்பு இருப்பது பின்னால் உறுதியானது. நமக்கும் பாலூட்டிகளுக்கும் அந்தச் செல்கள் மூளைத்தண்டில் இருக்கின்றன. (ஒரு பக்கத்துத் துடிப்பைத் தாமதப்படுத்தும் வேலை பாலூட்டிகளில் எப்படி நடக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை.)

சரி, ஒரு செல்லால் 'ஒரே கணம்' என்பதை எப்படி உணர முடியும்? இங்கேதான் அயனி சேனல்கள் வருகின்றன. செல்லின் உறையில் பொதிந்திருக்கும் நுண்ணிய கதவுகள் அவை. திறந்தால் சோடியம், பொட்டாசியம் போன்ற மின்னேற்றம் உள்ள அணுக்கள் உள்ளே வெளியே போகும். நரம்புத் துடிப்பே இந்தக் கதவுகளின் விளையாட்டுதான் என்று ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் 1952-ல் கணக்கோடு காட்டினார்கள். தனி ஒரு கதவின் வழியே ஓடும் மின்னோட்டத்தை 1976-ல் நேயர், சாக்மன் அளந்தே விட்டார்கள்.

மூளையின் மற்ற இடங்களில் உள்ள பல செல்கள் நல்ல பானை மாதிரி. சொட்டுச் சொட்டாக ஊற்றினாலும் தண்ணீர் சேர்ந்து, ஒரு கட்டத்தில் வழியும். வழிவதுதான் துடிப்பு. அங்கே எப்போது ஊற்றினார்கள் என்பது முக்கியம் இல்லை, மொத்தம் எவ்வளவு என்பதுதான் முக்கியம்.

திசை அறியும் செல்கள் ஓட்டைப் பானைகள். ஹெச்.சி.என் என்ற கதவுகளும், கேவி1 என்ற பொட்டாசியம் கதவுகளும் செல் சும்மா இருக்கும்போதே ஓரளவு திறந்து கிடக்கின்றன. ஒரு பக்கத்தில் இருந்து ஒரு குவளை வந்தால், அடுத்தது வருவதற்குள் முதல் குவளை வடிந்துவிடும். கேவி1 இன்னும் ஒரு படி மேலே போகிறது. நீர்மட்டம் ஏற ஏற அந்த ஓட்டை தானாகப் பெரிதாகும். அதனால் மெதுவாக ஊற்றி ஏமாற்றவே முடியாது. இரண்டு பக்கமும் ஒரே கணத்தில் சடாரென்று கொட்டினால் மட்டும், ஓட்டை பெரிதாவதற்குள் பானை வழிந்துவிடும். வழிந்ததும் கேவி3 என்ற இன்னொரு வகைக் கதவு படாரென்று திறந்து மட்டத்தை இறக்கும். செல் அடுத்த அலைக்குத் தயார். நொடிக்குப் பல நூறு முறை இது நடக்க வேண்டும் என்பதால் இந்த வேகம்.

ஆக, நேரத்தை அளப்பது தனியாக ஒரு கடிகாரம் இல்லை. எவ்வளவு சீக்கிரம் மறப்பது என்பதுதான் சூட்சுமம். அதற்கு விலையும் உண்டு. ஓட்டைப் பானையை நிரப்பி வைக்க மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கணும். 1977-ல் எலிகளின் மூளையில் எந்த இடம் எவ்வளவு குளுக்கோஸ் எரிக்கிறது என்று லூயிஸ் சோகோலாஃப் குழுவினர் அளந்தபோது, பட்டியலின் உச்சியில் நின்றது செவிப் பாதையில் உள்ள ஒரு பகுதிதான். மூளையில் அதிகம் தின்பது சிந்தனை என்று நினைக்கிறோம், இல்லை.

காது கேட்கும், திசை தெரியாது

இந்தக் கதவு பழுதானால் என்ன ஆகும்? அதற்கும் சாட்சி இருக்கிறது. பிலிப்பைன்ஸ் வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் கேவி3 வகைச் சேனலின் மரபணுவில் ஒரே ஒரு பிசகு தலைமுறை தலைமுறையாக வருகிறது. நடை தள்ளாடும் ஒரு நரம்பு நோய் அதனால் உண்டாகும். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் இவர்களின் செவித்திறனைச் சோதித்தார்கள். வழக்கமான சோதனையில் இரண்டு காதும் நன்றாகவே கேட்டன. ஆனால் இரு காதுகளுக்கு இடையிலான நேர வித்தியாசத்தையும் ஒலி அளவு வித்தியாசத்தையும் உணர்வதில் பெரிய கோளாறு இருந்தது. தள்ளாட்டம் இன்னும் ஆரம்பிக்காதவர்களுக்கும்கூட.

இதை அப்படியே தொழிற்பேட்டைக்குக் கொண்டுவந்து பாருங்கள். வேலைக்குச் சேரும்போதும் ஆண்டுதோறும் நடக்கும் செவிப் பரிசோதனை, ஒவ்வொரு காதும் எவ்வளவு மெல்லிய ஒலியைப் பிடிக்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறது. திசை தெரிகிறதா என்று அந்த ஹெட்ஃபோன் கேட்பதில்லை. 2009-ல் குஜாவா, லிபர்மன் எலிகளில் காட்டியது இன்னும் சங்கடமானது. பலத்த இரைச்சலுக்குப் பிறகு செவித்திறன் பழைய நிலைக்குத் திரும்பியது போலவே இருந்தது. ஆனால் உயர்ந்த சுருதிகளைக் கையாளும் பகுதியில், உணர்செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகள் பாதி வரை அழிந்திருந்தன. மனிதர்களில் இது எவ்வளவு நடக்கிறது என்பது விவாதத்தில் உள்ளது. காது கேட்பது குறையும்போது மூளைத்தண்டில் கேவி3 கதவுகளின் ஒழுங்கே மாறிவிடுவதையும் விலங்குச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தை ஒட்டி வந்த மாதிரி விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று எல்லை வைத்தன. 95 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது இதைவிடக் கறார்: 8 மணி நேரத்துக்கு 85, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி.

காதுக் கவசம் மாட்டினால் தீர்ந்ததா என்றால், அதிலும் ஒரு சிக்கல். கவசம் காதைக் காப்பாற்றும். கூடவே காது மடலை மூடி, திசை அறிவதைக் கெடுக்கும். அதற்காகக் கவசத்தைக் கழற்றக் கூடாது, போன நரம்பு திரும்ப வராது. மாற்ற வேண்டியது வண்டியின் சத்தத்தை. ஒற்றைச் சுருதி பீப்புக்குப் பதிலாக, பல சுருதிகள் கலந்து ஷ்ஷ்... ஷ்ஷ்... என்று ஒலிக்கும் ரிவர்ஸ் அலாரங்கள் இப்போது சந்தையில் உள்ளன. மனிதக் குரலுக்குத் தவறாமல் திரும்பிய ரேலே, இசைக்கவைக்கு முன்-பின் தெரியாமல் நின்றாரே, அதே காரணம்தான். அத்தோடு ஆள் நடக்க ஒரு பாதை, வண்டி ஓட ஒரு பாதை என்று தரையில் மஞ்சள் கோடு போட்டுப் பிரித்துவிட்டால், திசை கண்டுபிடிக்கும் பாரம் முழுக்கக் காதின் தலையில் விழாது.